'என்கிற' என்னும் சொல்லைப் பற்றிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள் ஆகியவற்றின் செய்தி ஆசிரியர்கள், உதவி ஆசிரியர்கள், மெய்ப்புத் திருத்துவோர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியொன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், காலை வேளைகளில் அங்கே அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதத் தயங்குகிறவர்களுக்கும் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், குடிநீர் இணைப்பு போன்றவைதாம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், நடுத்தர வயதுத் திருநங்கை ஒருவர் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று நாளிதழிலிருந்து கத்தரித்த செய்தி. மற்றொன்று, சுவர்களில் ஒட்டியது போக மீந்திருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இரண்டும் ஒரே சாவைப் பற்றியவை. அவர் மகளாக வளர்த்த இளம் திருநங்கை ஒருவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி இறந்துபோயிருந்தார்.

சுவரொட்டியை அடித்தவர்கள் அந்தத் தெருவின் இளைஞர்கள். மேலே 'எங்கள் அன்பு அக்கா' என்றிருந்தது. அதன் கீழே அவர் பெயர், படம், தோற்றம், மறைவு, ஒட்டியவர்களின் பெயர்கள். நாளிதழ்ச் செய்தி ஐந்து வாக்கியங்கள். முதல் வாக்கியத்தில், அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்ட ஆண் பெயரை முன்னே போட்டு, 'என்கிற' என்று சேர்த்து, அவர் வாழ்ந்த பெயரை அதன் பின்னே வைத்திருந்தார்கள். இரண்டாம் வாக்கியம், 'திருநங்கையான இவர் ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர்' என்றது. மூன்றாவது, அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டாரா இல்லையா என்பதைச் சொன்னது. எஞ்சிய இரண்டில் விபத்தும் பிரேதப் பரிசோதனையும் முடிந்துவிட்டன. லாரி எந்த வேகத்தில் வந்தது, அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "டீச்சர், நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சது பேப்பர்காரங்களுக்குத் தெரியலையே, இதுக்கு ஒரு மனு எழுதித் தாங்க. எந்த ஆபீசுக்குப் போடணும்னுதான் தெரியல" என்றார் அந்த அம்மா. எனக்கும் தெரியவில்லை. ஆகையால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் 'என்கிற' பற்றி. அந்தச் சொல் எங்கிருந்து உங்கள் மேசைக்கு வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில், ஒருவர் பல பெயர்களில் உலவியிருந்தால் தப்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்படுவது அது. ஆவணத்தில் உள்ளது மெய்ப்பெயர், ஊர் அறிந்தது மாற்றுப்பெயர் என்பது அதன் பொருள். குற்றவாளியைத் தேடுகிறவர்களுக்கு உதவும் அந்த ஏற்பாட்டை விபத்தில் இறந்தவருக்குப் பொருத்தும்போது, அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் ஒரு புனைபெயராகிவிடுகிறது. பெற்றோர் வைத்த பெயரை விட்டு வேறு பெயரில் எழுதிய, நடித்த, ஆண்ட எத்தனையோ பேரின் இரங்கல் செய்திகளை நீங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள். அவர்களுடைய பழைய பெயர் வரும்போது, வாழ்க்கை வரலாற்றின் நடுவே ஒரு தகவலாக வரும். தலைவாசலில் நின்று உள்ளே வருகிறவரை மறிக்காது.

நான் இலக்கணம் கற்பித்தவள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த புது வழக்கத்தைத் தமிழ்மேல் திணிக்கிறார்கள் என்று சிலர் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்கும் இடத்திலேயே, ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று உயர்திணையை வகுத்து முடித்த கையோடு, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' பேசப்படுகிறது. அதன் முதல் இயலான கிளவியாக்கத்தின் பன்னிரண்டாம் நூற்பா, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே' என்கிறது. அப்படிப்பட்டவரைக் குறிக்கும் பெயர், ஆணைக் காட்டும் வினைமுற்றை ஏற்பதற்கு இடமில்லை என்பது அதன் கருத்து. 'வந்தான்' என்று எழுதாதே என்பதே விதி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் ஓரடி முன்னே போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால் என்று வகுக்கிறார். 'அவாவுதல்' என்ற வினையை அவர் தேர்ந்தெடுத்திருப்பதைப் பாருங்கள். அவா மனத்தில் உள்ளது. ஒருவர் எதை விட்டார், எதை விரும்பினார் என்பதைக் கொண்டு வினைமுற்றை முடிவு செய்யச் சொல்கிறது நன்னூல். அவர் உடலைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்லவில்லை.

அதே நூற்பாவின் இறுதியில், இவ்விருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்ற இசைவும் இருப்பதை மறைக்க மாட்டேன். வகுப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் பின்வரிசைச் சிரிப்புக்கு அஞ்சி, விளக்காமலே அடுத்த நூற்பாவுக்குப் போயிருக்கிறேன். போயிருக்கக் கூடாது. 'அது' என்று ஒருவரைச் சொல்லும் வழக்கம் தெருவில் எங்கிருந்து முளைக்கிறது, அதற்கு ஏட்டிலும் ஓர் ஆதரவு இருந்திருக்கிறது என்பதை நின்று பேசியிருக்க வேண்டும். அந்த வகுப்பிலேயே வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் விழுந்த சிறுவன் ஒருவன், ஆண்டு முழுவதும் 'உள்ளேன் அம்மா' என்று வாய்திறந்து சொல்லாமல் கையை மட்டும் உயர்த்தினான். காரணம் எனக்குப் புரிய அரையாண்டுத் தேர்வு வரை ஆனது. பிறகு அவனுக்குப் பத்தாம் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒன்பதை வெற்றிடமாக விட்டேன். அது தீர்வாகாது என்பது இப்போது தெரிகிறது.

பேடு, பேடி, அலி ஆகிய பழஞ்சொற்களை மீட்டெடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நூற்றாண்டுகளாக வசையாகப் புழங்கி அவை கெட்டுப்போய்விட்டன. கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானின் கதையிலிருந்து எடுத்த 'அரவாணி' என்ற சொல் ஒரு காலத்தில் மதிப்பான மாற்றாக இருந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியமும் தொடக்கத்தில் அந்தப் பெயரையே தாங்கியது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த அந்தக் காலத்தில்தான் 'திருநங்கை' அரசு வழக்குக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே மீன் சந்தை வரை பரவியது. ஒரு சொல் மேலிருந்து கீழே இவ்வளவு விரைவாக இறங்கிப் பார்த்ததில்லை. காசிமேட்டில் ஏலக்குரலுக்கு நடுவே 'அந்தத் திருநங்கை அக்காவுக்கு வழிவிடு' என்று கேட்டபோது, ஒரு தமிழாசிரியையாக எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்கிறேன். (மங்கையர், நங்கையர் என்பதுபோலத் 'திருநங்கையர்' என்று எழுதினால் 'திருநங்கைகள்' என்பதைவிட நன்றாக இருக்கும் என்பது என் விருப்பம். அதற்காக யாரையும் வற்புறுத்த மாட்டேன்.)

ஆனால் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த வெற்றியே இப்போது வேறொரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. இருவரையும், இவ்விரண்டிலும் தம்மை அடக்கிக்கொள்ளாதவரையும் சேர்த்துச் சொல்லத் 'திருநர்' இருக்கிறது. எனினும் உங்கள் செய்திகளில் எல்லோரும் திருநங்கையாகிவிடுகிறார்கள். 'திருநங்கையான இவர் ஆணாக வாழ்ந்து வருகிறார்' என்ற வாக்கியத்தை நான் அச்சிலேயே படித்திருக்கிறேன். கொருக்குப்பேட்டையில் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்யும் திருநம்பி ஒருவர், தம்மைப் போன்றவர்களைப் பற்றிய செய்தியைப் படித்து அது தம்மைப் பற்றியது என்றே அறிந்துகொள்ள முடியாதபடி இருக்கிறது நிலைமை.

'மூன்றாம் பாலினம்' என்பதை எடுத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பில், நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும், தம்மை ஆண் என்றோ பெண் என்றோ மூன்றாம் பாலினம் என்றோ தாமே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை ஏற்றார்கள். அங்கே மூன்று வாசல்கள் திறந்திருந்தன. நாம் செய்தியில் இரண்டை மூடிவிட்டு, எல்லோரையும் மூன்றாவதன் வழியே அனுப்புகிறோம். வாக்காளர் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் இதன் விளைவைப் பார்க்கலாம். தேர்தல் ஆணையம் 2009இல்தான் 'இதர' என்று பதிந்துகொள்ள வழி செய்தது. அந்த எண்ணை எடுத்து, இந்தத் தொகுதியில் இத்தனை திருநங்கைகள் என்று எழுதிவிடுகிறார்கள். பெண் என்று பதிந்துகொண்ட திருநங்கையர் அந்தக் கணக்கில் இல்லை. ஆண் என்று பதிந்துகொண்ட திருநம்பியரும் இல்லை. இதர என்று பதிந்த எல்லோரும் திருநங்கையரும் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்ற பிரிவில் இந்தியா முழுவதும் 4,87,803 பேரும், தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். கணக்கெடுக்க வந்தவர் கேட்ட கேள்விக்கு வீட்டில் இருந்த ஒருவர் தந்த பதில்களின் கூட்டுத்தொகை அது. அதைத் திருநரின் மொத்த எண்ணிக்கை என்று எழுதுவது பிழையான செய்தி. மரியாதை பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, சரிபார்ப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தாலும் பிழைதான்.

இனி, உடலைப் பற்றி. 'அப்படியானால் உயிரியல் என்பதே பொய்யா, ஆண் உடல், பெண் உடல் என்றே சொல்லக் கூடாதா' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எங்கள் படிப்பகத்திலேயே கேட்டார்கள். சொல்லலாம், சொல்ல வேண்டிய இடத்தில் துல்லியமாகவே சொல்ல வேண்டும். 'பால்' என்ற சொல்லுக்குப் பகுதி, பிரிவு என்பது அடிப்படைப் பொருள். இன்று கவனமாக எழுதுகிறவர்கள், உடற்கூறு சார்ந்த பிரிவுக்குப் 'பால்' என்றும், ஒருவர் தம்மை உணர்ந்து சமூகத்தில் வாழும் நிலைக்குப் 'பாலினம்' என்றும், யார்மேல் ஈர்ப்பு கொள்கிறார் என்பதற்குப் 'பாலீர்ப்பு' என்றும் பிரித்து எழுதுகிறார்கள். மூன்றும் தனித்தனிச் செய்திகள். ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தாமாக விளங்கிவிடா. கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய கட்டுரையில், கருப்பை உள்ள திருநம்பிக்கும் அது வேண்டும் என்று எழுதுவது உயிரியலை மறுப்பதாகாது. உயிரியலைச் சரியாகச் சொல்வதாகும். திருநங்கைக்கும் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. முதுமையில் அவர் மருத்துவரிடம் அதைச் சொல்லக் கூசாமல் இருக்க, அந்தச் சொல் இயல்பாகப் புழங்க வேண்டும். மருத்துவச் செய்தியில் உடல்தான் செய்தி. லாரி மோதிய செய்தியில் உடல் செய்தி ஆகாது. அந்த வேறுபாட்டைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

'ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர்' என்ற வாக்கியத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டுகிறேன். பிரசவ அறையில் செவிலியர் குழந்தையின் வெளியுறுப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ எழுதுகிறார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பின்னாளில் பொருந்திப் போகிறது, சிலருக்குப் பொருந்துவதில்லை. நடந்ததைச் சொல்வதானால் 'பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டவர்' என்று எழுதலாம். சற்று நீளமான தொடர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தில் ஒன்பது செய்திகளில் அந்தத் தொடரே தேவைப்படாது. 'திருநங்கை' என்ற ஒரே சொல்லில் அவ்வளவும் அடங்கியிருக்கிறது. வாசகருக்கு அது தெரியும். 'மாறியவர்' என்ற சொல், நேற்றுவரை ஒன்றாக இருந்து இன்று வேறொன்றானவர் என்ற தோற்றத்தைத் தருகிறது. என்னிடம் மனு எழுத வருகிற திருநங்கையரில் ஒருவர்கூடத் தம் கதையை அப்படித் தொடங்கியதில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றே தொடங்குகிறார்கள். பாலினம் பிறப்போடு முடிவாகிவிடுகிறது என்று நம்புகிற வாசகர்களும் உங்களுக்கு உண்டு. அவர்கள் அதைக் கருத்துப் பக்கத்தில் எழுதட்டும், மற்றவர்கள் மறுத்து எழுதட்டும். இறந்தவரைப் பற்றிய ஐந்து வாக்கியச் செய்தி அந்த வழக்குக்கு உரிய மன்றம் ஆகாது.

உடலின் பாலும்கூட நாம் பள்ளியில் படித்ததுபோல ஒரே கோட்டால் பிரிவதில்லை. குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், வெளியுறுப்பு என்று பல அடுக்குகள் உண்டு. பெரும்பாலோரிடம் அவை ஒன்றுபோலச் செல்கின்றன, சிலரிடம் செல்வதில்லை. அவர்களை ஊடுபாலினர் என்றும் இடைப்பாலினர் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் திருநர் ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் ஆணாகவோ பெண்ணாகவோ வளர்ந்து, அப்படியே வாழ்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்ததாகத் தம்மை அறிந்திருந்த அவரைப் பற்றி, ஆணா பெண்ணா என்ற கேள்வியைத் தலைப்பாக்கி நாடே பேசியது. அப்போது பத்தாம் வகுப்பு மாணவிகள் என்னிடம் வந்து 'அந்த அக்கா என்ன தப்பு செஞ்சாங்க' என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. இன்று சொற்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு, இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணப்பெண்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. அதே தீர்ப்பு, ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமில்லாத பால் திருத்த அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும் சொன்னது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு அதை அரசாணையாக்கியது. ஒரே தீர்ப்பில் இரண்டு வெவ்வேறு மக்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இரண்டையும் கலந்து எழுதினால் தீர்ப்பு என்ன சொன்னது என்பதே வாசகருக்குப் போய்ச் சேராது.

இவை என் சொந்தக் கோரிக்கைகள் மட்டும் என்று எண்ண வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இச்சொற்களுக்கான தொகுதியை அரசிதழிலேயே வெளியிட்டது. அதில் உள்ள எல்லாச் சொற்களும் எனக்குப் பிடித்தவை என்று சொல்ல மாட்டேன். சில நாவில் புரள மறுக்கின்றன, சிலவற்றைக் காலம் உதிர்த்துவிடும். ஆனால் திருநர், திருநங்கை, திருநம்பி ஆகியவை நிலைபெற்றுவிட்டன. அவற்றை எடுத்தாள இனியும் தயங்கக் காரணமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், திருநராய் இருப்பது மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் 'பாலினக் கோளாறு' என்று எழுதும் மருத்துவப் பக்கங்கள் பழைய பாடநூலை வைத்துக்கொண்டு எழுதுகின்றன.

வேலை நெருக்கடியை நான் அறியாதவள் அல்லள். இரவு பத்து மணிக்கு வரும் செய்தியைப் பத்து நிமிடத்தில் பக்கத்தில் ஏற்ற வேண்டும். காவல்துறைக் குறிப்பில் உள்ளது அப்படியே இறங்கிவிடுகிறது. அதனால்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிலவற்றை மட்டும் கேட்கிறேன். ஒருவர் எந்தப் பெயரில் வாழ்ந்தாரோ அந்தப் பெயரை மட்டும் எழுதுங்கள். அறுவை சிகிச்சையைப் பற்றி, அதுவே செய்தியாக இருந்தால் ஒழிய, எழுதாதீர்கள். ஒருவர் செய்த குற்றத்துக்குத் 'திருநங்கைகள் அட்டகாசம்' என்று ஊரையே தலைப்பில் நிறுத்தாதீர்கள். எப்படி அழைப்பது என்று தெரியாத இடத்தில், தமிழ் நமக்குத் தந்திருக்கும் 'அவர்' போதும். ஆணா பெண்ணா என்று காட்டாமலே மரியாதையைக் காட்டும் சொல் எல்லா மொழிக்கும் வாய்த்ததில்லை. தெரிந்த இடத்தில், அவர் விரும்பியபடி மகள் என்றும் தம்பி என்றும் எழுதுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் 'அக்கா' என்று எழுதியதற்கு யாரும் அவர்களுக்குச் சொல்தொகுதி கொடுக்கவில்லை. தினமும் அவரிடம் இட்லி வாங்கித் தின்றவர்கள் அவர்கள்.

அந்தச் செய்தியை வெளியிட்ட நாளிதழ் எது என்பதை நான் இங்கே எழுதவில்லை. அதன் ஆசிரியர் இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். நான்கு மாதம் கழிந்துவிட்டாலும், மூன்று வரியில் ஒரு திருத்தம் வெளியிட்டால் அந்த அம்மா அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளக் காத்திருக்கிறார். பெயரில் எழுத்துப்பிழை நேர வேண்டாம் என்பதற்காகச் சுவரொட்டியைப் படிப்பகத்தின் உட்சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். உங்கள் செய்தியாளர் காலை எட்டு முதல் பதினொரு மணிக்குள் எந்த நாளும் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.